ஏழு மணி முதல் ஆறு மணி வரை: கைக்கடிகாரத்தை வாசித்தல்

தலித்துகள் வைத்திருக்கும் பொருள்களைப் பற்றி இங்கே இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒன்று ஊர்த்தெருவிலிருந்து வருவது. காலனிப் பையன் ஒருவன் கையில் வாட்சு கட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் வந்தால், 'அவுனுங்களுக்கு வந்த வாழ்வப் பாருடா' என்கிற குரல். மற்றொன்று கூட்டங்களில் நம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் தோழர்களிடமிருந்து வருவது. நுகர்வுக் கலாச்சாரம் சேரியையும் பிடித்துவிட்டது, பொருள் மோகத்தில் நம் இளைஞர்கள் போராட்ட குணத்தை இழந்து வருகிறார்கள் என்கிற குரல். முதல் குரலுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நமக்குத் தெரியும். இரண்டாவது குரலைக் கேட்டால்தான் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறோம். அது அறிவாளியின் குரலாக இருப்பதால் அதில் நியாயம் இருக்கும் என்று நாமாகவே நினைத்துக்கொள்கிறோம்.

இரண்டு குரல்களும் தொனியில்தான் வேறு. இரண்டும் நம்மிடம் கேட்பது ஒன்றையே: உனக்கு இது எதற்கு? இந்தக் கேள்வியை யாரும் ஒரு செட்டியாரிடமோ ஒரு ரெட்டியாரிடமோ கேட்பதில்லை. அவர் வாட்சு கட்டியிருந்தால் அது மணி பார்ப்பதற்கு. நம்முடைய கையில் ஏறும்போதுதான் அது திமிராகவும் மோகமாகவும் மாறுகிறது. அப்படியானால் அந்தப் பொருளில் மணி பார்ப்பதைத் தாண்டி ஏதோ இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்திருக்கிறது. அது என்ன என்பதை நாம்தான் இன்னும் எழுதிவைக்கவில்லை.

எழுதப்பட்ட ஒரு பிரதியிலிருந்தே தொடங்கலாம். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்கள் மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம் வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலாடை போடக்கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. மறு ஆண்டு 1931 ஜூனில் இந்தப் பட்டியல் பதினொன்றாக வளர்ந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்த ஹட்டன் இந்தியச் சாதி பற்றி எழுதிய புத்தகத்தில் இரண்டு பட்டியல்களையும் சேர்த்திருக்கிறார். நம் மேடைகளில் முதல் பட்டியலைத்தான் அதிகம் பேசுகிறோம். செருப்பு, குடை, சட்டை என்று அடுக்கிச் சொன்னால் கூட்டம் கொதிக்கும். இரண்டாவது பட்டியலை அதே கவனத்தோடு வாசிக்க வேண்டும்.

அதில் நம் பிள்ளைகள் படிக்கக்கூடாது, மிராசுதாரின் மாடுதான் மேய்க்க வேண்டும் என்று இருக்கிறது. வாரத்துக்கோ குத்தகைக்கோ பயிர் செய்யக்கூடாது என்று இருக்கிறது. இதோடு இன்னொன்றும் இருக்கிறது. ஆணும் பெண்ணும் காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணி வரை மிராசுதாரின்கீழ் கூலி வேலை செய்ய வேண்டும். கூலி ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா.

ஏழு மணி, ஆறு மணி. கோழி கூவியதிலிருந்து பொழுது சாயும்வரை என்று அங்கே எழுதவில்லை. விதித்தவன் மணி பார்க்கத் தெரிந்தவன். அவன் வீட்டுச் சுவரிலோ சட்டைப் பையிலோ ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. சட்டை போடக்கூடாது என்ற தடை யார் மேல் விதிக்கப்பட்டதோ அவனிடம் கடிகாரம் இருந்திருக்க வழியில்லை. சட்டையே இல்லாதவனுக்கு வாட்சு எங்கிருந்து வரும்? அதனால்தான் தடைப் பட்டியலில் கடிகாரம் இல்லை. தடுக்க வேண்டிய தேவை அவர்களுக்கு வரவில்லை. ஆனால் மணி மட்டும் பட்டியலுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு நாளில் பதினோரு மணி நேரம் உன்னுடையது அல்ல என்று ஆதிக்க சாதி எழுதிக்கொடுக்கிறது. அந்தப் பதினோரு மணி நேரம் முடிந்ததா இல்லையா என்று பார்க்கும் கருவி அதை எழுதியவனிடமே இருக்கிறது. நான் பேசவந்த விஷயம் முழுதும் இதற்குள்ளேயே இருக்கிறது.

எங்கள் பக்கம் இப்படி எழுதிவைத்த பட்டியல் எதையும் நான் கண்டதில்லை. அதற்குத் தேவையும் இருந்ததில்லை. மேல்சித்தாமூர், திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட ஊர். தமிழ்ச் சமணர்களுக்குத் தலைமை இடமான ஜினகாஞ்சி மடம் இங்கேதான் இருக்கிறது. பார்சுவநாதர் கோயிலும், பாறையில் செதுக்கிய சிற்பங்களோடு மல்லிநாதர் கோயிலும் இருக்கின்றன. சமண சமயத்தில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடக்கூடாது. விளக்கு வெளிச்சத்தில் பூச்சி விழுந்து உயிர்க்கொலை ஆகிவிடும் என்பது காரணம். நல்ல காரணம். யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நோன்பு இருப்பவரின் நாளை மட்டும் எழுதினால் இந்த வட்டாரத்தின் நாள் பாதிதான் எழுதப்பட்டிருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். எந்தச் சாதிக்காரன் நிலமானாலும் கழனியில் வேலை செய்கிறவர்களுக்குப் பொழுது சாய்வது என்பது கரையேறும் நேரம். அதற்குப் பிறகுதான் களத்தில் கூலி நெல் அளப்பார்கள். அதை முந்தியில் வாங்கிக்கொண்டு போய்க் குத்தி, புடைத்து, உலை வைக்க வேண்டும். ஊரில் அடுப்பு அணையும் நேரத்தில் சேரியில் அடுப்பு பற்றும். என் ஆயா பகல் வெளிச்சத்தில் ராச்சோறு சாப்பிட்ட நாள் அவளுக்கு நினைவில்லை என்பாள். விளக்கில் விழும் பூச்சியைப் பற்றி யோசிப்பதற்குக்கூட முதலில் பகலில் சாப்பிட ஒரு நேரம் சொந்தமாக இருக்க வேண்டும்.

இதை வெறும் வறுமை என்று கடந்துபோகக்கூடாது. வறுமையில் சோறு குறையும். இங்கே நேரமும் பிடுங்கப்பட்டிருக்கிறது. வெள்ளி முளைக்கும்போது எழுந்து ஆண்டை வீட்டுச் சாணி அள்ளப் போகும் படியாளுக்கு விடியற்காலை என்று ஒன்று கிடையாது. 'மணி இன்னா ஆச்சு' என்று கேட்பதே எதிர்த்துப் பேசுவதாக எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. வேலை எப்போது முடியும் என்பதுதானே அந்தக் கேள்வியின் பொருள்!

நிலப்பிரபுவுக்கு மட்டுமல்ல, முதலாளிக்கும் இந்தக் கேள்வி பிடிக்காது. ஈ.பி. தாம்சன் என்கிற ஆங்கில வரலாற்றாசிரியர் 1967இல் எழுதிய ஒரு கட்டுரையில், பத்தொன்பதாம் நூற்றாண்டு டண்டீ ஆலைத் தொழிலாளியின் வாக்குமூலத்தை எடுத்துக்காட்டுகிறார். ஆலைக் கடிகாரத்தைக் காலையில் முன்னுக்கும் இரவில் பின்னுக்கும் தள்ளிவைத்து முதலாளிகள் கூடுதல் வேலை வாங்கியிருக்கிறார்கள். தொழிலாளிகளுக்கு அது தெரியும். ஆனாலும் சொந்தமாக வாட்சு வைத்துக்கொள்ளப் பயந்திருக்கிறார்கள், ஏனென்றால் மணி தெரிந்தவனை வேலையிலிருந்து தூக்கிவிடுவார்கள். அதே கட்டுரையில் தாம்சன் இன்னொன்றும் சொல்கிறார். வாட்சு ஏழையின் வங்கியாக இருந்தது. கெட்ட காலத்தில் அதை விற்கலாம், அடகு வைக்கலாம். நுகர்வு மோகம் என்று நம்மைக் கண்டிக்கிற தோழர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் மதிக்கிற மரபிலேயே வாட்சு தொழிலாளியின் ஆயுதமாகவும் சேமிப்பாகவும் பேசப்பட்டிருக்கிறது.

நம் மரபில் இந்த ஆயுதத்தைச் சட்டமாக்கியவர் அண்ணல் அம்பேத்கர். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். வாரத்துக்கு 54 மணி நேரம் என்றிருந்த தொழிற்சாலை வேலையை 48 மணி நேரமாகக் குறைத்த 1946 திருத்தச் சட்டம் அந்தக் காலத்தின் உழைப்பு. எட்டு மணி நேர வேலை என்று சொன்னால் எல்லாருக்கும் மே தினம் நினைவுக்கு வருகிறது. 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் ஏற்றிய கொடி நினைவுக்கு வருகிறது. வரட்டும். அம்பேத்கர் ஏன் வருவதில்லை? அந்தச் சட்டம் ஆலைக்குள் நின்றுவிட்டது, கழனிக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆலைக்குள்ளும் அது நிரந்தரமல்ல. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க வழி திறக்கும் மசோதாவை நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். ஏழு முதல் ஆறு வரை என்பது பதினோரு மணி நேரம். மசோதா அதைவிட ஒரு மணி கூட!

என் அப்பா வாட்சு வாங்கியது இந்த விவகாரத்தில்தான். மல்லாட்டை பொய்த்த ஒரு வருஷம் மெட்ராசுக்குக் கட்டட வேலைக்குப் போனார். கையெழுத்துப் போடத் தெரியாது. சாரத்தின் மேல் நிற்கிறவர்களுக்கு மணி சொல்கிறவர் மேஸ்திரி ஒருவர்தான். ஐந்து மணிக்கு இறங்கலாம் என்பது பேச்சு. ஆனால் வெயில் போய் நெடுநேரம் ஆன பிறகும் மேஸ்திரிக்கு ஐந்து ஆகாது. ஆறு மாதக் கூலியில் மிச்சம் பிடித்துத் திண்டிவனம் கடைத்தெருவில் ஒரு எச்.எம்.டி. ஜனதா வாங்கினார். அடுத்த வாரம் சாரத்தின் மேலிருந்து, 'மேஸ்திரி, அஞ்சு ஆயி கால் மணி ஆவுது' என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து வேலையாட்கள் எல்லாரும் நாலே முக்காலுக்கு அவரைத்தான் நிமிர்ந்து பார்ப்பார்களாம். 'வாட்சுக்காரன்' என்று பெயர் வந்தது. எங்கள் வீடு இன்றைக்கும் காலனியில் வாட்சுக்காரர் வீடுதான்.

அந்தக் கடையில் அவர் தேர்ந்தெடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். கடைக்காரர் முதலில் தங்க முலாம் பூசிய மினுமினுப்பான ஒன்றை எடுத்துக் காட்டியிருக்கிறார். இவர்களுக்கு இதுதான் பிடிக்கும் என்பது கடைக்காரரின் முடிவு. அப்பா அதைத் தொடவில்லை. 'வாத்தியாரு கட்றாரே, வெள்ளையா, கறுப்பு வாரு போட்டது, அத்தக் குடுங்க' என்றிருக்கிறார். சாவி கொடுக்கிற வாட்சா என்று இரண்டு முறை கேட்டிருக்கிறார். பேட்டரிக்குக் காசு தேட முடியாது, விரலால் முறுக்கினால் ஓட வேண்டும். எண்கள் பெரிதாக இருக்க வேண்டும், தூரத்திலிருந்தும் தெரிய வேண்டும். எழுத்தே தெரியாதவர் அந்தப் பன்னிரண்டு எண்களையும் இரண்டு முள்ளையும் ஒரு வாரத்தில் படித்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் படித்த முதல் பாடம் அது. இதில் மோகம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இதில் இருப்பது கணக்கு. வாத்தியார் கையில் இருப்பது தன் கையிலும் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் இருப்பதும் கணக்குதான்.

எச்.எம்.டி. என்பது அரசாங்கக் கம்பெனி. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் வாட்சு செய்யத் தொடங்கியது. ஜனதா என்றால் மக்கள். அந்த மக்களுக்குள் நாம் இருந்தோமா என்று அந்தப் பெயரை வைத்தவர்கள் யோசித்திருப்பார்களா என்பது வேறு. ஆனால் வெளிநாட்டு வாட்சு கட்டிய மிராசுதாரும் உள்நாட்டு வாட்சு கட்டிய குமாஸ்தாவும் மட்டுமே இருந்த இடத்துக்குக் கூலிக்காரனும் வந்து சேர்ந்தது இந்த அரசாங்க வாட்சால்தான். பிறகு டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் டைட்டனைத் தொடங்கினார்கள். அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூரில் ஆலை வந்தது. பேட்டரி வாட்சு பெருகியது. எச்.எம்.டி. நலிந்து 2016இல் வாட்சுப் பிரிவை மூடிவிட்டார்கள். இப்போது பழைய ஜனதாவைப் பணக்காரப் பிள்ளைகள் தேடித்தேடி வாங்கிச் சேகரிக்கிறார்கள். அவர்களுக்கு அது பழமையின் அழகு. நமக்கு அது சாரத்தின் மேல் நின்று கேட்ட கால் மணி நேரக் கூலி.

அந்தக் கறுப்பு வாரையும் கொஞ்சம் பார்க்கலாம். அது தோல். மாட்டுத் தோலை உரித்தவன், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி மிதித்தவன் யார்? வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தோல் ஷாப்புகளில் கைகால் புண்ணாகி நிற்பவர்களில் பெரும்பகுதி நம் ஆட்கள். செத்த மாட்டைத் தொட்டதால் தீட்டு என்று ஒதுக்கியவன், அந்தத் தோலை மணிக்கட்டில் வாராகக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறான். செருப்பையாவது வாசலில் கழற்றிவிடுகிறான். வாட்சு வாரைக் கழற்றுவதில்லை. ஐயர் அந்தக் கையில்தான் திருநீறு போடுகிறார். தீட்டு என்பது பொருளில் இல்லை, அதைத் தொடுகிற ஆளில்தான் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டுமா?

காலத்தைக் கணிப்பதே நமக்கு அந்நியம் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. வகுப்பில் முல்லைப்பாட்டு நடத்தும்போது நாழிகை வட்டில் வரும். பாசறையில் அரசனுக்கு நீர் வட்டில் பார்த்துப் பொழுது சொல்கிறவர்களைப் பற்றிப் பேராசிரியர்கள் தமிழனின் அறிவியல் என்று பெருமைப்படுவார்கள். அந்தப் பொழுது யாருக்காக அளக்கப்பட்டது, பாசறைக்கு விறகு வெட்டியவனுக்கு யார் பொழுது சொன்னார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் நம்மிடையே வள்ளுவர்கள் நாளும் கோளும் கணித்தார்கள். நல்லது கெட்டதுக்குச் சாதி இந்துக்களும் அவர்களிடம் நாள் கேட்டுப் போயிருக்கிறார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி எழுதியவற்றில் இந்த வள்ளுவர்களைப் பழைய பௌத்த அறிவாளிகளின் மரபாகக் காட்டினார். இன்னொரு பக்கம், ஊருக்கு நாள் சொன்னது நம் பறை. ஏரி மீன்பிடி என்றைக்கு, திருவிழாக் காப்பு என்றைக்கு, ஏலம் எத்தனை மணிக்கு என்று தெருத்தெருவாகத் தண்டோரா போட்டவர்கள் நாம். 2022 ஆகஸ்டில்தான் தண்டோரா போடுவதை நிறுத்தச் சொல்லித் தமிழ்நாடு அரசு உத்தரவிட்டது. ஊரின் நேரத்தை ஊருக்கு அறிவித்தவனுக்குத் தன்னுடைய நேரம் இல்லை என்பதுதான் இந்த வரலாறு. கைக்கடிகாரம் இதில் என்ன செய்கிறது? பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் கெட்ட நேரம் உண்டு, கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு ஆள் வேண்டும். வாட்சில் மணிக்கு அறுபது நிமிஷம், எல்லாக் கையிலும் அதே அறுபது. யாரையும் கேட்க வேண்டாம்.

எந்தக் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே பொருள் எப்படி வாசிக்கப்படுகிறது என்பதற்குக் காந்தியின் கடிகாரம் நல்ல உதாரணம். அவர் இடுப்பில் ஒரு கடிகாரம் தொங்கும். எல்லாப் படத்திலும் பார்த்திருக்கிறோம். அதை எளிமையின் சின்னம், நேரம் தவறாமையின் சின்னம் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. 2009 மார்ச்சில் அவருடைய ஜெனித் கடிகாரம், கண்ணாடி, செருப்பு, தட்டு, கிண்ணம் எல்லாம் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது பதினெட்டு லட்சம் டாலருக்கு ஒரு சாராய முதலாளி எடுத்தார். நாடே மகிழ்ந்தது. என் அப்பாவும் ஊருக்குள் நுழையும்போது தன் வாட்சை இடுப்பில்தான் வைத்துக்கொள்வார். பஸ் ஸ்டாப்பில் இறங்கியதும் கையிலிருந்து கழற்றி வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு ஊர்த்தெருவைத் தாண்டிக் காலனிக்கு வந்த பிறகு எடுத்துக் கட்டுவார். ஒருமுறை மறந்து கட்டியபடியே வந்ததற்கு, 'இன்னாடா, கலெக்டர் ஆபீசுக்கா போய்ட்டு வர?' என்று திண்ணையிலிருந்து கேட்டிருக்கிறார்கள். வாட்சு கட்டியவனைப் போலீஸ் மறித்தால் முதல் கேள்வி 'எவன்கிட்ட அடிச்சே?' என்பதாகத்தான் இருக்கும். இருளர் பையனாக இருந்தால் கேள்விகூட இருக்காது, நேராக ஸ்டேஷன்தான். காந்தியின் இடுப்பில் தெரிந்தது கடிகாரம். அப்பாவின் இடுப்பில் மறைந்ததும் கடிகாரம். இதை ஒப்பிட்டு எந்தப் பேராசிரியராவது எழுதியிருக்கிறாரா?

இது கிண்டலோடு நிற்கிற விஷயம் என்றால் நான் எழுதவே வேண்டியதில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்தபோது என்ன செய்தது? டி.வி.யை உடைத்தது, டேப் ரெக்கார்டரை உடைத்தது, தையல் மெஷினை உடைத்தது, படித்த பிள்ளைகளின் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் எரித்தது. வெளிநாட்டு வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக் கொஞ்சம் தலையெடுத்த ஊர் அது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்றிலும் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தார்கள். கொளுத்துவதற்கு முன்னால் பீரோவை உடைத்து நகையை எடுத்தார்கள், மோட்டார் சைக்கிள்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். அந்த மக்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய் வந்தவர்கள், உள்ளூர்க் கழனியை நம்பி நிற்காதவர்கள். காரணம் காதல் கல்யாணம் என்று சொல்லப்பட்டது. அதையொட்டிய மாதங்களில் நம் தைலாபுரத்திலிருந்து மருத்துவர் ராமதாஸ் பேசியது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு தலித் இளைஞர்கள் மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்றார். 1930இல் சட்டையும் செருப்பும், 2012இல் ஜீன்ஸும் கண்ணாடியும். எண்பது வருஷத்தில் பட்டியலில் பொருள்கள் மாறியிருக்கின்றன, பட்டியல் மாறவில்லை. 2013 ஜூலை 4 அன்று இளவரசன் தண்டவாளத்தின் ஓரம் கிடந்தான்.

நுகர்வு மோகம் என்று நம்மைக் கண்டிக்கும் தோழர் தன் வாக்கியத்தை இந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவர் முதலாளித்துவத்தை எதிர்க்கிறார், இவர் கலப்பைத் தடுக்கிறார், நோக்கம் வேறு என்பது எனக்கும் தெரியும். ஆனால் எரிகிற சேரியின் நடுவில் நிற்கிறவனுக்கு இரண்டும் ஒரே சொல்லாகத்தான் கேட்கின்றன: உனக்கு இது எதற்கு? பொருள் மோகத்தை எதிர்ப்பவர் அதை அம்பானி வீட்டிலிருந்து தொடங்கட்டும், ஊர்த்தெரு வழியாக வரட்டும். காலனி கடைசியில் இருக்கிறது.

செருப்பைப் பற்றித் தமிழ் சினிமா பேசிவிட்டது. 'அசுரன்' (2019) படத்தில் ஆசையாகக் கொடுத்த செருப்பைத் தலையில் சுமக்க வைக்கும் காட்சி இருக்கிறது. கோட்டைப் பற்றிக் 'கபாலி' (2016) பேசியது. அம்பேத்கர் சிலையின் நீலக் கோட்டு ஒரு அரசியல் என்பதைப் பாமர ரசிகனும் புரிந்துகொண்டான். கூண்டுக்குள் அடைத்துவைக்கப்பட்ட அந்தச் சிலையில் கோட்டு, டை, கண்ணாடி, பேனா, புத்தகம் என்று எல்லாமே நமக்கு மறுக்கப்பட்ட பொருள்கள். கைக்கடிகாரத்தையும் இந்த வரிசையில் வைத்து வாசிக்க வேண்டும். ஒரு வித்தியாசத்தோடு. செருப்பும் கோட்டும் உடம்பின் மானத்தைச் சொல்கின்றன. கடிகாரம் உடம்பின் நேரத்தைச் சொல்கிறது. மானத்தைக் கொடுத்துவிட்டு நேரத்தைத் தானே வைத்துக்கொள்ள ஆதிக்க சாதியால் முடியும். அப்படித்தான் இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

இங்கே நம் வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஜனதா வாட்சு அப்பாவின் கையில்தான் இருந்தது. அம்மா நடவுக்கும் களைக்கும் போனாள். அவளுக்கு மணி என்பது திண்டிவனம் பஸ். காலை பஸ் போனால் சோறு கட்ட வேண்டும், மதிய பஸ் போனால் கரையேறிக் கூழ் குடிக்கலாம். பஸ் வராத நாளில் மதியமும் வராது. 1931 பட்டியலில் அதே பதினோரு மணி நேரத்துக்குப் பெண்ணுக்குப் பாதிக் கூலி. மிராசுதாருக்கு அவளுடைய ஒரு மணி அரை மணிதான். நாம் அதைத் திருத்திவிட்டோமா? கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வாட்சும் மோதிரமும் பெண் வீட்டார் போட வேண்டும் என்று நம்மவர்களும் கேட்கிறார்கள். ஸ்டுடியோ படங்களைப் பாருங்கள். மாப்பிள்ளை இடது கையை நாற்காலிப் பிடியின் மேல் வாட்சு தெரிகிற மாதிரி வைத்திருப்பார், சட்டைக் கையை இரண்டு மடிப்பு ஏற்றியிருப்பார். வாட்சுக்குப் பணம் கொடுத்தவர்களின் பெண் பக்கத்தில் வெறுங்கையோடு நிற்பாள். ஆதிக்க சாதியிடம் நம் நேரத்தைக் கேட்கிறவர்கள், வரதட்சணையாக வாட்சு வாங்குகிறபோது ஒரு பெண்ணின் பல மாதக் கூலியை, அதாவது பல மாத நேரத்தை, கையில் கட்டிக்கொள்கிறோம். தலித் விமர்சனம் இதைப் பேசாமல் விட்டால் பாதிப் பேச்சுதான்.

பெண்கள் நிறைந்திருந்த நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் என்ன நடந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வேலைத் தளத்தில் காலையில் ஒரு படம், மதியத்துக்கு மேல் ஒரு படம், இடமும் நேரமும் பதியும்படி செல்போனில் எடுத்து ஏற்ற வேண்டும் என்று ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. வேலையை முடித்துவிட்டாலும் இரண்டாவது படத்துக்காக வெயிலில் காத்துக் கிடக்க வேண்டும். சிக்னல் இல்லாவிட்டால் செய்த வேலையே கணக்கில் இல்லாமல் போகும். வரப்பில் உட்கார்ந்து ஒரு கிழவி 'படம் புடிக்கறவன் எப்ப வருவான்' என்று கேட்பதும், படியாள் 'மணி இன்னா ஆச்சு' என்று கேட்டதும் ஒரே கேள்விதான். மிராசுதாரின் சுவர்க் கடிகாரம் இருந்த இடத்தில் டெல்லியின் கடிகாரம் வந்திருக்கிறது.

செல்போன் வந்த பிறகு வாட்சு எதற்கு என்றும் கேட்கிறார்கள். மணி பார்க்க மட்டும் என்றால் தேவையில்லைதான். ஆனால் எங்கள் காலனிப் பையன்கள் முதல் சம்பளத்தில் இன்றைக்கும் வாட்சு வாங்குகிறார்கள். நெல்லிக்காய் அளவு முகப்பு, பளபளக்கும் இரும்புச் சங்கிலி. அப்பாவின் ரசனைக்கு அது ஒத்துவராது. அவர் மறைத்து வைக்கிற வாட்சை வாங்கினார், இவர்கள் மறைக்கவே முடியாத வாட்சை வாங்குகிறார்கள். செல்போன் பையில் கிடக்கும், வாட்சு கையில் தெரியும். தெரிய வேண்டும் என்பதுதான் அவர்கள் தேர்வு. இதைப் பகட்டு என்று சொல்கிறவர்கள் வேட்டி மடிப்பில் சொருகப்பட்ட வாட்சைப் பற்றித் தெரியாதவர்கள். அதே சமயம் நம் பையன்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். கையில் வாட்சு இருக்கிறது, அதில் ஓடுகிற நேரம் யாருடையது? கம்பெனி வேனில் விடிவதற்கு முன்னே ஏறி இருட்டிய பிறகு இறங்குகிறவன் கையிலும் வாட்சு இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷம் என்றாலும் கேள்வி கேட்கிற கையில் இருந்தால்தான் அது அப்பாவின் வாட்சு.

நம் எழுத்தில் செருப்பும் தேநீர்க் குவளையும் சைக்கிளும் சாட்சியாக வந்திருக்கின்றன. கைக்கடிகாரத்தின் சாட்சியம் இன்னும் சேகரிக்கப்படவில்லை. யார் வீட்டில் முதல் வாட்சு எப்போது வந்தது, எந்தக் கூலியில் வந்தது, எந்தத் தெருவில் கழற்றி மறைக்கப்பட்டது, எப்போது அடகுக்குப் போனது, பெண்கள் கையில் எப்போது ஏறியது என்று மாணவர்களும் களப்பணியாளர்களும் கேட்டு எழுத வேண்டும். கேட்கும்போது வாட்சின் விலையோடு நிறுத்திவிடாமல், அது வந்த பிறகு வேலை எத்தனை மணிக்கு முடிந்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.